ஒரே பெயரில் இரண்டு மனு

நவம்பர் 4, திங்கள்

'முதற்படி' என்கிற அமைப்பில் பயிற்றுநர்களுக்கெல்லாம் இன்று ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். வகுப்பில் நடப்பதைத் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டுமாம். முப்பத்திரண்டு வருடம் ஒன்றிய அலுவலகத்தில் கோப்பு எழுதி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற தர்மராஜாகிய எனக்கு எழுதச் சொல்லித்தர ஆள் வந்திருக்கிறது. இருக்கட்டும், எழுதுகிறேன். வகுப்பு விஷயம் மட்டும். வீட்டு விஷயம் இதில் வராது.

ஊராட்சித் தேர்தலில் நிற்கக்கூடிய பெண்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுப்பதுதான் அமைப்பின் வேலை. நடத்துகிறவர் பிரிஸ்கில்லா மேடம். முன்னாள் ஆசிரியை. மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும். இங்கே முதல் விதி, வருகிற பெண்களின் பெயரை அவர்கள் வீட்டாருக்குச் சொல்லக் கூடாது. போன தேர்தலில் ஒரு பெண்ணை அவள் கொழுந்தன் வகுப்புக்கே வந்து இழுத்துக்கொண்டு போனானாம். அதிலிருந்து, சங்கரன்கோவில் மையத்தில் யார் படிக்கிறார்கள் என்று இந்த மையத்து ஆட்களுக்குக்கூடத் தெரியாது. நல்ல ஏற்பாடு. ரகசியக் கோப்பு என்றால் எனக்கும் பிடிக்கும்.

எனக்கு ஒதுக்கிய பாடம் வேட்புமனு, தீர்மானப் புத்தகம், கிராமசபை. திங்களும் வியாழனும் வகுப்பு. மேடம் எடுக்கும் பாடத்தின் தலைப்பு 'வீட்டுக்காரரை வாசலில் நிறுத்துவது எப்படி'. தலைப்பிலேயே காரம் அதிகம். என் மனைவி அமிர்தவல்லி பத்து வருடத்துக்கு முன் எங்கள் ஆவுடையாள்பட்டியில் ஐந்து வருடம் தலைவராக இருந்தவள். நான் கூட இருந்து உதவினேன். தணிக்கையில் ஒரு ஆட்சேபணை கிடையாது. எல்லா வீட்டுக்காரரும் ஒரே மாதிரி இல்லை என்பதை மேடத்திடம் ஒருநாள் சொல்ல வேண்டும்.

நவம்பர் 7, வியாழன்

மாதிரிக் கூட்டம் நடத்தினோம். செல்லக்கனி என்கிற பெண் தலைவர். பீடிக் கம்பெனிக்கு இலை வெட்டிக் கொடுக்கிறவள், இருபத்தெட்டு வயது இருக்கும். நான் தலைவரின் கணவராக நடிக்க வேண்டும். செல்லக்கனி கூட்டத்துக்கு வருமுன் நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும், அவள் என்னை எழுப்ப வேண்டும். இதுதான் பயிற்சி.

உட்கார்ந்தேன். தீர்மானப் புத்தகத்தை என் பக்கம் இழுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, "ம், மொத அயிட்டம் என்ன?" என்றேன். இருபத்திரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

"சார், நடிக்கத்தான சொன்னேன்? இவ்வளவு தத்ரூபமா இருக்கே!" என்றார் மேடம்.

செல்லக்கனி மூன்று தரம் முயன்றாள். "சார், கொஞ்சம் எந்திரிக்கியளா?" என்பாள், நான் "இரும்மா, இத முடிச்சிருதேன்" என்பேன், அவளும் "சரி சார்" என்று நின்றுவிடுவாள். கடைசிவரை அவளால் என்னை எழுப்ப முடியவில்லை. அடுத்த வாரம் மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறார் மேடம்.

நவம்பர் 12, செவ்வாய்

வகுப்பு இல்லை. அமிர்தம் முட்டிவலிக்காகச் சங்கரன்கோவிலில் ஒரு சித்த வைத்தியரிடம் போகிறாள். செவ்வாயும் வெள்ளியும். காலை எட்டே முக்கால் பஸ்ஸில் போனால் சாயங்காலம் நாலரைக்குத்தான் திரும்புகிறாள். வைத்தியர் கொடுத்த தைலம் பாட்டிலில் கழுத்து வரை அப்படியே இருக்கிறது. ஆனால் நடை பரவாயில்லை. கெட்டிக்கார வைத்தியர்தான் போலிருக்கிறது.

வீட்டு விஷயம் எழுதுவதில்லை என்று சொன்னேன். வகுப்பு இல்லாத நாளில் வேறு எதை எழுதுவது?

நவம்பர் 15, வெள்ளி

மத்தியானம் நானே ரசம் வைத்தேன். புளி தூக்கல்.

நவம்பர் 18, திங்கள்

சங்கரன்கோவில் மையத்தில் ஒரு பெண் கேட்ட கேள்வியை மேடம் சீட்டில் எழுதி எடுத்துவந்தார். விதிமுறை என்னிடம் கேட்டால்தான் சரியாக இருக்கும் என்றார். அதில் பெருமைதான்.

கேள்வி இது: 'நான் முன்னால் பதவியில் இருந்தபோது தீர்மானப் புத்தகத்தில் என் பெயரில் உள்ள கையெழுத்தெல்லாம் நான் போட்டதில்லை. இப்போது மறுபடி நின்றால் எந்தக் கையெழுத்தைப் போட வேண்டும்? அதையா, என்னுடையதையா?'

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஐந்து வருடம் தூங்கிவிட்டு இப்போது விழித்துச் சட்டம் கேட்கிறார்கள். சீட்டின் பின்பக்கமே பதில் எழுதினேன்: 'அலுவலக ஆவணங்களில் தொடர்ந்து பதிவாகியுள்ள கையெழுத்தே ஒருவரது கையெழுத்தாகக் கொள்ளப்படும். மாற்றிப் போட்டால் தேவையற்ற சந்தேகத்துக்கு இடமாகும்.' கீழே தேதி போட்டு, சுருக்கொப்பமும் வைத்துக் கொடுத்தேன்.

மேடம் இரண்டு தரம் படித்தார். "சரி சார், குடுத்திடறேன்" என்றார். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. தொண்டை கட்டியிருக்கும்.

நவம்பர் 21, வியாழன்

செல்லக்கனி இன்றும் என்னை எழுப்பவில்லை. ஆனால் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டேன்.

அந்தச் சங்கரன்கோவில் பெண் என் பதிலைப் படித்து என்ன சொன்னாள் என்று மேடத்திடம் கேட்டேன். "ஒண்ணும் சொல்லல சார். சிரிச்சாங்க. ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம் சீட்ட மடிச்சு பைல வச்சுக்கிட்டாங்க."

சட்டத்தைப் படித்துச் சிரிக்கிறவர்களை என்ன செய்வது?

நவம்பர் 23, சனி

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறையும் பெண்களுக்கு என்று வந்துவிட்டது. அரிசி ஆலை குருசாமி தன் மருமகளை நிறுத்துகிறார். அந்தப் பெண்ணை நான் தெருவில் பார்த்ததுகூட இல்லை. குருசாமியைத்தான் எங்கே பார்த்தாலும் பார்க்கலாம்.

காலையில் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணாச்சி, குருசாமிக்கு விட்ரக் கூடாது. மதினிய நிப்பாட்டுங்க. போன தடவ நீங்க இருந்தப்பதான ரோடு வந்துச்சு, தண்ணி டேங்க் வந்துச்சு" என்றார்கள். நான் கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, சரி என்றேன். ஒளிப்பானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து யாரும் எட்டுப் பேராக வந்து என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அமிர்தம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். டம்ளர்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். வந்தவர்கள் போனதும், "என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலியே" என்றாள்.

"உன்ன நிப்பாட்டத்தான வந்திருக்காவ?" என்றேன்.

"ஆமா, என்னத்தான்" என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நவம்பர் 29, வெள்ளி

இன்று மனு தாக்கல் செய்தேன்.

படிவத்தை நேற்றே பூர்த்தி செய்தாகிவிட்டது. அடித்தல் திருத்தல் இல்லை. வாக்காளர் பட்டியலின் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். முன்மொழிபவர் நான். முன்மொழிபவரே மனுவைக் கொடுக்கலாம் என்பதால் அமிர்தத்தை அலைக்கழிக்கவில்லை. அவளுக்கு இன்று வைத்தியர் நாள். வேட்பாளர் கையொப்பம் என்கிற பகுதியும் பூர்த்தி செய்யப்பட்டது.

மனுவை வாங்கிய எழுத்தர் முன்பு என்னிடம் வேலை பார்த்தவன். "சார் மனுன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றான். வாங்கினான்.

டிசம்பர் 2, திங்கள்

வகுப்பு. மனு தாக்கலுக்கு இன்று கடைசி நாள் என்பதால் பாதிப் பேர்தான் வந்தார்கள். செல்லக்கனி அவள் ஊரில் வார்டு உறுப்பினருக்கு மனு கொடுத்துவிட்டாள். மேடமும் வரவில்லை. யாரோ மனு கொடுக்கத் துணைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. அமிர்தம் ஐந்து மணிக்கு வந்தாள். திங்கள் வைத்தியர் நாள் இல்லையே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஒன்றிய அலுவலகத்தில் மனுக்கள் பரிசீலனை. முன்மொழிபவர் என்ற முறையில் போனேன். அமிர்தம் என்னிடம் வைத்தியரிடம் போவதாகச் சொல்லி முதல் பஸ்ஸில் போயிருந்தாள். கூடத்துக்குள் நுழைந்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பிரிஸ்கில்லா மேடம். பின்னால் சங்கரன்கோவில் மையத்துப் பெண்கள் போல ஒரு கூட்டம், கூடவே செல்லக்கனியும் எங்கள் வகுப்பிலிருந்து நாலு பேரும். அமிர்தம் நல்ல புடவை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

தேர்தல் நடத்தும் அலுவலர் சின்ன வயது, ஆனால் நிதானமான ஆள். ஆவுடையாள்பட்டி வந்ததும், "அமிர்தவல்லி, கணவர் பெயர் தர்மராஜ். இந்தப் பேர்ல ரெண்டு மனு இருக்கு" என்றார். ஒருவர் ஒன்றுக்கு மேல் மனு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நான் கொடுத்தது ஒன்றுதான். மற்றது திங்கள்கிழமை வந்தது. அதில் முன்மொழிந்திருப்பது எங்கள் தெரு சத்துணவு ஆயா.

"ரெண்டுலயும் கையெழுத்து வேற வேறயா இருக்கே" என்றார் அலுவலர்.

அமிர்தம் எழுந்தாள். "ரெண்டாவதுதான் சார் என்னோடது. மொதல்ல உள்ளத நான் போடல."

 நான் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த குருசாமி எழுந்தார். வந்தபோதே கையில் ஒரு கட்டு வைத்திருந்தார். எங்கள் ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தின் நகல்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியவை, ஐந்து வருடத்துக்கும். எதற்காக வாங்கி வைத்திருந்தாரோ, இன்றைக்கு உதவிற்று. "சார், இந்தம்மா அஞ்சு வருஷம் தலைவரா இருந்தவங்க. இவங்க கையெழுத்து நூத்துக்கணக்குல இதுல இருக்கு. பாருங்க, மொத மனுவுல உள்ள அதே கையெழுத்து. அப்ப ரெண்டாவது போலி. மொத மனுவ அவங்களே தன்னோடது இல்லங்காங்க. அப்ப ரெண்டயும் தள்ளத்தான செய்யணும்?"

விவரமான ஆள். நானாக இருந்தாலும் இப்படித்தான் வாதாடியிருப்பேன்.

அமிர்தம் அலுவலர் முன்னாலேயே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் காட்டினாள். இரண்டாவது மனுவில் உள்ளது போலவே இருந்தது. "இன்னைக்குப் பழகிட்டு வந்து யாரும் போடலாம் சார். பத்து வருஷத்துக்கு முந்தின ரெக்கார்டு பொய் சொல்லுமா?" என்றார் குருசாமி.

அலுவலர் அமிர்தத்திடம், "அம்மா, அலுவலகப் பதிவேடு உங்களுக்கு எதிரா இருக்கு. அது உங்க கையெழுத்து இல்லேன்னு நான் எத வச்சு நம்பறது?" என்றார்.

அப்போது அவள் பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தாள். மடித்த சீட்டு. எனக்கு இருக்கிற இடத்திலிருந்தே தெரிந்தது, என் கையெழுத்தில் நான் எழுதிய பதில். கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். 

குருசாமி என் பக்கம் குனிந்து, "அண்ணாச்சி, பேசாம இருங்க. நீங்க வாயத் தொறந்தா அஞ்சு வருஷமும் கிளறுவாங்க. பென்ஷன்ல கைவைப்பாங்க. இந்த ஒரு தேர்தல்தான, போயிட்டுப் போகுது" என்றார். அக்கறையாகவே சொன்னார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. பேசாமல் இருந்தால் இரண்டு மனுவும் தள்ளுபடி. என் மேல் ஒன்றும் இல்லை. எனக்குப் பழக்கமான எழுத்தர் ஏதோ தவறு என்று கோப்பை மூடிவிடுவான். இவ்வளவையும் நான் யோசித்தேன்.  அலுவலர் கட்டின் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டார்.

எழுந்தேன். "மொத மனுவுல உள்ள கையெழுத்து நான் போட்டது சார்" என்றேன்.

"அப்ப இதெல்லாம்?" என்று கட்டைக் காட்டினார்.

"அதுவும் நான்தான்."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

வாய்மொழியாகச் சொன்னால் போதாது, போட்டுக் காட்டுங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். போட்டேன். 'த. அமிர்தவல்லி', கீழே ஒரு கோடு, கோட்டின் கடைசியில் இரண்டு புள்ளி. தாளைப் பார்க்கக்கூட இல்லை, கை தானாகப் போட்டது. அலுவலர் அதைக் கட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குருசாமி பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அமிர்தம் மேசைக்கு வந்தாள். "நான் பாக்கலாமா சார்?" என்று கேட்டு அந்தத் தாளை எடுத்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இதுதானா அது?" என்றாள். "நல்லாத்தான் இருக்கு. நான் இன்னைக்குத்தான் பாக்கேன்."

 அவள் ஐந்து வருடம் தலைவராக இருந்தபோது ஒரு தரம்கூட அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்ததில்லை என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவள் கையெழுத்தை நானும் இன்றுதான் பார்த்தேன். 'சு. அமிர்தவல்லி.' அவள் அப்பா சுடலைமுத்துவின் சு. கோடும் இல்லை, புள்ளியும் இல்லை.

என் வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டு முதல் மனுவைத் தள்ளினார்கள். இரண்டாவதை ஏற்றார்கள். தீர்மானப் புத்தகத்தைப் பற்றி மேலே எழுதுவேன் என்றார் அலுவலர். எழுதத்தான் வேண்டும், அதுதான் முறை என்றேன்.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "அந்த அஞ்சு வருஷத்துல ஒரு தடவயாவது நீ கேட்டிருக்கலாம்லா?"

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கேட்டேன். மொத கூட்டத்தன்னைக்கு, நீங்க புத்தகத்த விரிச்சிய. பேனா எங்கன்னு கேட்டேன். வந்தவங்களுக்குக் காப்பி போடுன்னிய."

எனக்கு நினைவில்லை என்றேன். உண்மையிலேயே நினைவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

விலகல் கடிதத்தோடு போனேன். மேடம் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "மத்த பாடத்த நான் எடுத்துக்கறேன். நாற்காலிப் பயிற்சிக்கு மட்டும் வாங்க சார். உங்கள மாதிரி உக்கார எனக்கு ஆள் கிடைக்காது" என்றார். கிண்டலா, கருணையா தெரியவில்லை. அமிர்தம் அங்கே படிப்பதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நம்ம விதி உங்களுக்கே பிடிச்ச விதியாச்சே சார்" என்றார்.

உட்கார்ந்தேன். செல்லக்கனி வந்து நின்றாள். "சார், இது என் நாற்காலி. எந்திரிங்க."

"இரும்மா, இத முடிச்சிரு—"

"முடிச்சது போதும் சார்."

எழுந்துவிட்டேன். பெண்கள் கைதட்டினார்கள்.

டிசம்பர் 16, திங்கள்

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாள் அவகாசம். அமிர்தம் காலையிலிருந்து தெருத்தெருவாக ஓட்டுக் கேட்கப் போயிருக்கிறாள். சின்னம் பூட்டு சாவி. நான் கூட வரட்டுமா என்றேன். நோட்டீசுக்குப் பதில் எழுதுங்க என்றாள்.

முட்டி ஒன்றும் செய்யவில்லையாம். அது எப்போதும் ஒன்றும் செய்ததில்லை என்று நினைக்கிறேன். தைலத்தை நான் தேய்த்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 30, திங்கள்

அமிர்தம் 611. குருசாமியின் மருமகள் 574. செல்லக்கனி அவள் ஊரில் தோற்றுவிட்டாள், ஒன்பது ஓட்டில்.

ஜனவரி 6, திங்கள்

பதவியேற்பு. ஊராட்சி அலுவலகத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், தலைவருக்குப் பக்கத்திலேயே. ஊர்ப் பழக்கம். நான் வெளியே வந்து ஜன்னல் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். குருசாமியும் வந்து உட்கார்ந்தார். 

உறுதிமொழி முடிந்து பதிவேட்டை அவள் முன்னால் விரித்தார்கள். அவள் பையில் பேனாவைத் தேடினாள். என் சட்டைப் பையில் பேனா இருந்தது. பாதி எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன். பையைக் கவிழ்த்து, சாவி, கைக்குட்டை, அந்த மடித்த சீட்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, கடைசியில் அவள் பேனாவை அவளே எடுத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. எழுத்தைக் கூட்டிக் கூட்டி, மெதுவாகத்தான் போட்டாள்.

இந்த நோட்டில் ஒரு பிழைதிருத்தம். டிசம்பர் 3-ஆம் தேதிப் பதிவில், கடைசி இரண்டு வரியில், 'நினைவில்லை' என்று உள்ள இரண்டு இடத்திலும் 'நினைவிருக்கிறது' என்று திருத்திப் படிக்கவும்.

தர்மராஜ்